முதல் ரைஃபிள்: .308-ஆ, 6.5 கிரீட்மோரா, தாத்தா காலத்து .30-06-ஆ?

கனடாவில் வேட்டைக்குத் தயாராகிறவர் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி ரைஃபிள் வாங்கலாம்?" கேள்வியே தலைகீழ். இன்று ஒன்டாரியோ கடைகளில் புதிதாகக் கிடைக்கும், ஒவ்வொரு முறையும் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்களில், 150 மீட்டரில் நிற்கும் மானைத் தவறவிடும் அளவுக்கு மட்டமானது அநேகமாக எதுவும் இல்லை. தப்பு நடப்பது வேறு மூன்று இடங்களில்: தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதில், தோளில் ஊன்றும் கட்டையின் நீளத்தில், ஸ்கோப்பை மாட்டிய லட்சணத்தில். கம்பெனிப் பெயர் இவற்றுக்கெல்லாம் பிறகுதான் வருகிறது.

சட்ட விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். பாதுகாப்பு வகுப்பில் எழுத்துத் தேர்வு, செய்முறைத் தேர்வு இரண்டிலும் 80 சதவீதம் வாங்கினால்தான் பி.ஏ.எல். எனும் துப்பாக்கி லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கலாம். புதியவருக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. வேட்டைக் கல்வியும் அதற்கான அட்டையும் தனிக் கணக்கு. வழக்கமான வேட்டை போல்ட் ஆக்‌ஷன்கள் 'கட்டுப்பாடற்ற' வகையில் வருகின்றன. ஆனாலும் 2022 மே மாதத்திலிருந்து, விற்பவர் உங்கள் லைசென்ஸைச் சரிபார்த்து எண் வாங்காமல் கைமாற்ற முடியாது. தெரிந்தவர் பழையதைக் கொடுத்தாலும் இதே விதிதான். இன்னொன்று: தென் ஒன்டாரியோவின் சில வேட்டைப் பகுதிகளில் மான் சீசனில் ரைஃபிளுக்கே அனுமதி இல்லை, ஷாட்கன், மஸில்லோடர் (குழல்வாய் வழியாக மருந்தும் குண்டும் நிரப்பும் துப்பாக்கி) போன்றவை மட்டும்தான். உங்கள் நண்பரின் காணி எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பார்க்காமல் ரைஃபிள் வாங்குவது, ரோடு இல்லாத ஊருக்குக் கார் வாங்குவது மாதிரி.

தோட்டாவில் தொடங்குவோம்

'பொதுப் பயன்பாடு' என்றால் இங்கே என்ன பொருள்? வெள்ளைவால் மான், கருங்கரடி, எப்போதாவது மூஸ் எனும் மிகப் பெரிய மான். தூரம் பெரும்பாலும் 50 முதல் 200 மீட்டர். 300 என்பது திறந்த வயல்களில் வரும் அபூர்வ வாய்ப்பு, அதையும் பழகியவர்தான் எடுக்க வேண்டும். இந்த வேலைக்கு நான்கைந்து தோட்டாக்கள் போட்டியில் இருக்கின்றன.

.308 வின்செஸ்டர் 1952-இல் வந்தது. 150 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டு குழல்வாயை விட்டு வெளியேறும்போது நொடிக்குச் சுமார் 860 மீட்டர். கனடியன் டயர் முதல் சிற்றூரின் தூண்டில் கடை வரை, தோட்டா விற்கும் எந்த அலமாரியிலும் இது இருக்கும். வேட்டைக்குப் போன இடத்தில் தோட்டாவை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்தது தெரிந்தால், இந்த ஒரு குணம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரியும்.

.30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் 1906-இன் பிள்ளை. தோட்டாவின் முழு நீளம் .308-ஐவிட ஒன்றேகால் சென்டிமீட்டருக்கு மேல் கூடுதல். 180 கிரெயின் குண்டை .308-ஐவிட நொடிக்கு 25 மீட்டர் அளவுக்கு வேகமாகத் தள்ளும், அவ்வளவுதான். 150 மீட்டரில் நிற்கும் மூஸுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, உங்கள் தோளுக்குத் தெரியும். 200 கிரெயின், அதற்கு மேல் என்று கனமான குண்டுகள் போட வேண்டுமென்றால்தான் இதன் பெரிய கூட்டுக்கு, அதாவது மருந்து அடைக்கும் பித்தளை உறைக்கு, அர்த்தம் இருக்கிறது.

6.5 கிரீட்மோர் 2007-இல் இலக்குச் சுடுதலுக்காக ஹார்னடி உருவாக்கியது. குண்டு நீளமாகவும் ஒல்லியாகவும் இருப்பதால் காற்று அதை அவ்வளவாகத் தள்ளாது. மணிக்கு 16 கி.மீ. பக்கக் காற்றில், 300 மீட்டரில் .308-இன் சாதாரண 150 கிரெயின் குண்டு சுமார் 20 செ.மீ. நகரும், 143 கிரெயின் 6.5 சுமார் 14 செ.மீ. நகரும். உதை மூன்றில் ஒரு பங்கு குறைவு. இதைவிடச் சின்னது .243 வின்செஸ்டர்: மானுக்குப் போதும், கயோட்டி எனும் சிறு ஓநாய்க்கு அருமை, மூஸுக்கு வேண்டாம். நடுவில் 7 எம்.எம்.-08 ரெமிங்டன் என்று ஒரு நல்ல தோட்டா இருக்கிறது. .308-இன் கூட்டைக் கழுத்தில் குறுக்கியது. எல்லா விதத்திலும் நியாயமானது, ஆனால் சிறு கடைகளில் பெட்டி தேட வேண்டியிருக்கும்.

விளம்பரங்கள் பெரிதுபடுத்துவது, குண்டு எவ்வளவு நேராகப் போகிறது என்பதைத்தான். 200 மீட்டரில் ஜீரோ வைத்த, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த .308, 100 மீட்டரில் 5, 6 செ.மீ. மேலே அடிக்கும், 300-இல் சுமார் 25 செ.மீ. கீழே இறங்கும். அதே கணக்கில் 6.5 கிரீட்மோர் 300-இல் இறங்குவது அதைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் குறைவு. மானின் இதயமும் நுரையீரலும் உள்ள பகுதி 20 செ.மீ. தட்டு அளவு. ஆக, வேட்டைத் தூரத்துக்குள் இரண்டுக்கும் பாதையில் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை. 6.5-ஐ வாங்க உண்மையான காரணம் அதன் குறைந்த உதை.

உதை என்பது வீரம் சம்பந்தப்பட்டதல்ல. மூன்றரைக் கிலோ ரைஃபிளில் .243 சுமார் 12 ஜூல், 6.5 கிரீட்மோர் 16, .308 23, .30-06 27, கூடுதல் மருந்துள்ள பலமான தோட்டாவான .300 வின்செஸ்டர் மேக்னம் 35-ஐத் தாண்டும். இருபதுக்கு மேல் போகும்போது புதியவர்களில் பலருக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொள்கிறது: விசை விழும் முன்பே கண்ணை மூடித் தோளை முன்னால் தள்ளுவது. குண்டு கீழே இடப்பக்கம் போகும். அவரோ ஸ்கோப்பைத் திருகிக்கொண்டே இருப்பார். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சுடுதளத்தில் உடன் இருப்பவர், நீங்கள் பார்க்காதபோது சில முறை நிஜத் தோட்டாவும் சில முறை போலித் தோட்டாவும் ஏற்றித் தரட்டும். போலித் தோட்டா 'கிளிக்' என்று மட்டும் சொல்லும்போது குழல்முனை எவ்வளவு குதிக்கிறது என்று பாருங்கள். வெட்கமாக இருக்கும், ஆனால் உடனே புரிந்துவிடும்.

"மூஸுக்கு மேக்னம் வேண்டாமா?" ஸ்வீடன்காரர்கள் நூறாண்டுக்கு மேலாகத் தங்கள் மூஸை 6.5×55 தோட்டாவாலும் சுட்டுவருகிறார்கள். கிரீட்மோர் அதற்கு வெகு கிட்டத்தில் நிற்கிறது. ஒன்டாரியோவில் 2021 முதல் மூஸ் டேக் (அதைச் சுடுவதற்கான அனுமதி) புள்ளிக் கணக்கில் ஒதுக்கப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் புள்ளி சேர்த்துக் காத்திருக்கும் மூஸுக்காக இன்றே மேக்னம் வாங்கி, நடுவில் வரும் எல்லா மான் சீசனிலும் அதன் உதையைத் தாங்குவது நல்ல கணக்கல்ல.

எனவே: மூஸும் பட்டியலில் இருக்கிறது, உடம்பு வாகு சராசரி என்றால் .308. உடம்பு சிறியது, அல்லது வீட்டில் இருவர் ஒரே ரைஃபிளைப் பகிரப்போகிறீர்கள் என்றால் 6.5 கிரீட்மோர். அப்பாவோ மாமாவோ விட்டுச்சென்ற .30-06 இருந்தால் அதையே வையுங்கள். கடையில் புதிதாக அதைத் தேடிப் போக வேண்டாம்.

நான்கு ரைஃபிள்கள்

டிக்கா டி3எக்ஸ், ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்ஸிஸ், ஹோவா 1500. பெர்காரா, பிரவுனிங், வெதர்பி என்று இன்னும் நிறைய உண்டு. அதில் வெதர்பி வேன்கார்ட், ஜப்பானில் ஹோவா செய்யும், போல்ட்டும் அது ஓடும் உடலும் சேர்ந்த அதே ஆக்‌ஷன்தான்.

டிக்கா, பின்லாந்தின் ரீஹிமாக்கியில் சாக்கோ ஆலையில் தயாராகிறது. கையில் எடுத்துப் போல்ட்டை ஒருமுறை இழுத்தாலே கடைக்காரர் பேச வேண்டியதில்லை. வெண்ணெயில் கத்தி மாதிரி வரும். கைப்பிடியை 70 டிகிரி தூக்கினால் போதும், ஸ்கோப்பில் கை இடிக்காது. விசை எடையை ஏறக்குறைய ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோ வரை ஒரு அலென் சாவியால் மாற்றலாம். லைட் மாடல் மூன்று கிலோவுக்குக் கீழே. குறைகளும் உண்டு. எல்லாத் தோட்டாவுக்கும் ஒரே நீள ஆக்‌ஷன்தான், .308 வாங்கினாலும் குட்டை ஆக்‌ஷனின் லாபம் கிடைக்காது. பிளாஸ்டிக் மேகசினில் மூன்றே தோட்டா, உபரி மேகசின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். எடை குறைவு என்பது உதை அதிகம் என்பதன் இன்னொரு பெயர். சேஃப்டி போட்டால் போல்ட்டும் பூட்டிக்கொள்ளும், அது காட்டில் நல்லது. ஆனால் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா இருக்கும் அறையில்) உள்ள தோட்டாவை எடுக்கச் சேஃப்டியை விடுவித்தாக வேண்டும். அந்த நேரத்தில் குழல்முனை எங்கே பார்க்கிறது என்பதில் கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

கனடாவுக்கு இதில் தனிச் சொந்தமும் உண்டு. வடக்கே ரோந்து போகும் கனடியன் ரேஞ்சர்கள் 1947-இலிருந்து லீ-என்ஃபீல்டை வைத்திருந்தார்கள். ஊரில் போலீஸ்காரர் தோளில் தொங்கிய அதே 'த்ரீ நாட் த்ரீ'தான். அதற்குப் பதிலாக வந்த சி19 ரைஃபிள், டிக்கா டி3எக்ஸ்-இன் ஆர்க்டிக் வடிவம்: .308, சிவப்பு லேமினேட் கட்டை, மைனஸ் 51 டிகிரியிலும் இயங்க வேண்டும் என்ற நிபந்தனை. கடையில் கிடைக்கும் லைட் மாடல் அதுவல்ல, ஆனால் ஆக்‌ஷன் ஒரே குடும்பம்.

ரூகர் அமெரிக்கன் 2012 வாக்கில் சந்தைக்கு வந்தபோது, குறைந்த விலை ரைஃபிள் என்றால் சுமாராகத்தான் சுடும் என்ற எண்ணத்தை உடைத்தது. இதன் போல்ட் மூன்று பற்கள் கொண்டது, இதுவும் 70 டிகிரிதான். இழுக்கும்போது சரசரவென்று மணலில் இழுப்பது போலிருக்கும். இருநூறு முறை இழுத்தால் பாதி போய்விடும். முதல் தலைமுறையில் கவனிக்க வேண்டியது சேஃப்டி: அது போல்ட்டைப் பூட்டாது. புதரில் நடக்கும்போது கைப்பிடி கிளையில் மாட்டிப் போல்ட் பாதி திறந்துகொள்ளும். கண்ணில் மானை வைத்துக்கொண்டு விசையை அழுத்தினால் சத்தமே வராது. இரண்டாம் தலைமுறையில் போல்ட்டையும் பூட்டும் மூன்று நிலைச் சேஃப்டி வந்துவிட்டது. பழைய இருப்பைத் தள்ளுபடியில் தந்தால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சாவேஜ் ஆக்ஸிஸ் நான்கிலும் மலிவு, ஸ்கோப்பும் சேர்ந்த பெட்டியாகவும் கிடைக்கும். குழலை நட்டு வைத்து முடுக்கும் முறையால் சாவேஜின் துல்லியம் விலைக்கு மீறியது. அக்யூட்ரிகர் (எடையை மாற்றக்கூடிய சாவேஜின் விசை) இருக்கும் ஆக்ஸிஸ் 2 வாங்குங்கள், அது இல்லாத பழையதில் விசை கனம். கட்டையின் முன்பகுதி வளையும். பைபாடிலோ (இரண்டு கால் தாங்கி) மரத்திலோ சாய்த்து அழுத்தினால் குழலைத் தொட்டுவிடும், குண்டு இடம் மாறும். கையால் தாங்கியோ மணல்பையில் மென்மையாக வைத்தோ சுட்டால் பிரச்சினை இல்லை. கூடவே வரும் ஸ்கோப்பை நம்பி ஒரு சீசன் ஓட்டலாம், அதற்குமேல் வேண்டாம்.

ஹோவா 1500 கனமானது, மூன்றேகால் கிலோவுக்கு மேல். அதனாலேயே .308, .30-06 சுடும்போது இதமாக இருக்கும். இரண்டு கட்ட விசை நன்றாக இருக்கும். மரமேடையில் உட்கார்ந்து காத்திருக்கும் வேட்டைக்கு இது பொருத்தம். நாள் முழுவதும் நடப்பவர் மாலையில் டிக்காக்காரரைப் பொறாமையோடு பார்ப்பார்.

டிக்கா உங்கள் மொத்தத் தொகையில் பாதிக்குள் வந்தால் டிக்கா. வராவிட்டால் ரூகரின் இரண்டாம் தலைமுறை. மிச்சப் பணம் ஸ்கோப்புக்கும் தோட்டாவுக்கும். "ஒரு எம்.ஓ.ஏ. உத்தரவாதம்" என்ற வாசகத்துக்காக மட்டும் முந்நூறு டாலர் கூடுதலாகத் தராதீர்கள். ஒரு எம்.ஓ.ஏ. என்றால் 200 மீட்டரில் 5.8 செ.மீ. வட்டம்; ஒன்றரை என்றால் 8.7. இரண்டுமே 20 செ.மீ. தட்டுக்குள் தாராளமாக அடங்கும்.

பழையது வாங்கலாமா?

வாங்கலாம், இரண்டு எச்சரிக்கைகளோடு. ரெமிங்டன் 700 கனடாவில் ஏராளம், உதிரிகளும் ஏராளம். ஆனால் 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை செய்யப்பட்ட எக்ஸ்-மார்க் புரோ விசை கொண்டவற்றை, விசையைத் தொடாமலே சுடக்கூடும் என்று 2014-இல் கம்பெனியே திரும்பப் பெற்றது. வரிசை எண்ணைச் சரிபார்க்காமல், விசை மாற்றப்பட்டதா என்று தெரியாமல் காசு கொடுக்கக் கூடாது.

அடுத்தது லீ-என்ஃபீல்ட். போர்க்காலத்தில் இன்றைய மிசிசாகா எல்லையில் இருந்த லாங் பிராஞ்ச் ஆலை இவற்றை லட்சக்கணக்கில் செய்தது, பிற்பாடு கட்டையை வெட்டி வேட்டைக்கு மாற்றியவை இன்றும் கைமாறுகின்றன. ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பூட்டும் பற்கள் போல்ட்டின் பின்பக்கம், சேம்பர் தாராளம், அதனால் .303 கூடு சுடும்போது அடிப்பக்கத்தில் நீளும். மறுபடி நிரப்பிச் சுட்டால் அங்கேயே அறுந்துபோகும். ஸ்கோப் மாட்டப் பெரும்பாலும் உலோகத்தில் துளை போட வேண்டும். இரண்டாவது ரைஃபிளாக வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டையும் ஸ்கோப்பும்

சோதனையைக் கடையிலேயே செய்துவிடுங்கள், ஆனால் வேட்டை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு போய். டி-ஷர்ட்டில் கச்சிதமாக இருக்கும் கட்டை, நவம்பர் ஜாக்கெட்டுக்கு மேல் இரண்டு சென்டிமீட்டர் நீளமாகிவிடும், அக்குளில் மாட்டும். போல்ட் திறந்து காலி என்று பார்த்த பிறகு, கண்ணை மூடி ரைஃபிளைத் தோளுக்குக் கொண்டுவந்து கன்னத்தை வைத்துக் கண்ணைத் திறவுங்கள். ஸ்கோப்பில் முழு வட்டமும் தெரிய வேண்டும். ஓரத்தில் பிறை மாதிரிக் கருப்பு நிழல் விழுந்தால் தலை முன்னேயோ பின்னேயோ நிற்கிறது, அல்லது கன்னம் தாழ்ந்திருக்கிறது. வழக்கமான கட்டை 34, 35 செ.மீ. நீளம், ஐந்தடி இரண்டங்குல உயரத்துக்கு அது பெரும்பாலும் அதிகம். கட்டையின் பின்முனையில் உள்ள தகடுகளைக் கழற்றிக் குறைக்கக்கூடிய மாடலைக் கேளுங்கள்.

ஸ்கோப் 3-9×40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 40 மி.மீ.) போதும். 4-16, 6-24 என்று போகாதீர்கள். 40 மீட்டரில் புதருக்குள் மான் வந்தால் முடிதான் தெரியும், மான் தெரியாது. புருவத்திலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அது குறைந்தால் உதையில் ஸ்கோப்பின் விளிம்பு நெற்றியில் அரைவட்டம் போட்டுவிடும்.

மாட்டும்போது வளையத் திருகுகளைத் 'தெரிந்த கை' அளவுக்கு முறுக்குவதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் தாய். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் சாவியில் 15 முதல் 18 இன்ச்-பவுண்ட், அதாவது சுமார் இரண்டு நியூட்டன் மீட்டர், அல்லது வளையத்தோடு வந்த தாளில் உள்ள எண். நான்கு திருகையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக. அதிகமானால் குழாய் நசுங்கி உள்ளே லென்ஸ் நகராமல் சிக்கும், குறைந்தால் பத்தாவது குண்டில் ஸ்கோப் நழுவும். அடித்தகடு ஆக்‌ஷனோடு சேரும் திருகுகளில் மட்டும் நீல நிறத் திருகுப்பசை ஒரு துளி.

ஜீரோவை 25 மீட்டரில் தொடங்குங்கள். கால் எம்.ஓ.ஏ. ஸ்கோப்பில் ஒரு கிளிக் 100 மீட்டரில் 7 மி.மீ. நகர்த்தும், 25-இல் 1.8 மி.மீ. மட்டும். 25-இல் ஐந்து சென்டிமீட்டர் விலகியிருந்தால் 28 கிளிக் திருக வேண்டும். பலர் ஏழு திருகிவிட்டு ஸ்கோப் கெட்டுவிட்டது என்கிறார்கள். 25-இல் நட்டநடுவில் விழுந்தால் .308 ஏறக்குறைய 200 மீட்டர் ஜீரோவுக்கு வந்துவிட்டது என்று பொருள். அதன் பிறகு 100-க்குப் போய், மூன்று மூன்றாகச் சுட்டு, 5 செ.மீ. மேலே விழும்படி சரிசெய்யுங்கள். ஒவ்வொரு மூன்றுக்கும் இடையில் குழல் கையால் தொடும் சூட்டுக்கு ஆற வேண்டும். மெல்லிய வேட்டைக் குழல் சூடானால் குண்டுகள் மேலே ஏணிப்படி போட்டுக்கொண்டே போகும். அதைப் பார்த்து ஸ்கோப்பைத் திருகக் கூடாது. குண்டுகள் கண்டபடி சிதறினால், ஒரு தாளைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவில் விட்டு ஆக்‌ஷன் வரை இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் போக வேண்டும். பிறகு ஆக்‌ஷனைக் கட்டையோடு பிணைக்கும் திருகுகள் தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

முதல் ஆண்டுக்கு 100 தோட்டா கணக்கு வையுங்கள். ஜீரோவுக்கு இருபது போதும், மிச்சத்தை மேசையில் சுட்டு வீணாக்காதீர்கள். காட்டில் மேசை இருக்காது. முட்டிபோட்டு, உட்கார்ந்து, மரத்தில் சாய்ந்து, 50-லிருந்து 150 வரை சுடுங்கள். சுத்தம் செய்த குழலில் எண்ணெய்ப் பூச்சு இருந்தால் முதல் குண்டு தனியாக விலகி விழும். சீசனுக்கு முந்தின நாள் எண்ணெயைத் துடைத்து, முடிந்தால் இரண்டு குண்டு சுட்டுவிட்டு வையுங்கள்.

கடைசியாகக் குளிர். மைனஸ் இருபதில் தடித்த எண்ணெய் போல்ட்டுக்குள் தேன் மாதிரி இறுகி, ஊசியின் அடி பலமில்லாமல் போகும்: 'டக்' என்ற சத்தம், தோட்டாவின் பின்னால் லேசான குழி, வேறொன்றும் நடக்காது. அப்படி நடந்தால் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே பிடித்து ஒரு நிமிடம் பொறுத்துப் பிறகு போல்ட்டைத் திறவுங்கள். தீபாவளிக் குளிர் தொடங்கும் முன்பே போல்ட்டைக் கழற்றி எண்ணெயை முழுதாகத் துடைத்து, மெல்லிய பூச்சு மட்டும் விடுங்கள். மாலையில் காலி செய்த ரைஃபிளைச் சூடான அறைக்குள் அப்படியே கொண்டுவந்தால் உள்ளும் புறமும் வியர்க்கும். மறுநாள் காலையில் அந்த ஈரம் பனிக்கட்டி. உறைக்குள் போட்டு மூடியே உள்ளே எடுத்து வாருங்கள். அறைச் சூடு ஏறிய பிறகு உறையைத் திறந்து துடைத்து, விசைப் பூட்டு போட்டு, தோட்டாவைத் தனியாகப் பூட்டி வையுங்கள்.